தளையில்லாக் கொடை

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் நம் பங்குக் குடும்பங்கள் பலவற்றில் இரண்டு கணக்குகள் ஒருங்கே தொடங்குகின்றன. பிள்ளை பெற்ற மதிப்பெண்களின் கணக்கு ஒன்று. அம்மதிப்பெண்களுக்கேற்ற கல்லூரியில் அப்பிள்ளையைச் சேர்ப்பதற்கு வேண்டிய பணத்தின் கணக்கு மற்றொன்று. முதற் கணக்கைக் கண்டு மகிழ்ந்த தாய், இரண்டாம் கணக்கிற்காகத் தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றுகிறாள். அடகுக் கடைக்குச் செல்லும் அச்சங்கிலி எப்போது வீடு திரும்பும் என்பதை அவளும் அறியாள்.

இது ஒருபுறம் இருக்க, நம் பள்ளிகளும் கல்லூரிகளும் வெள்ளி விழா, பொன் விழா, நூற்றாண்டு விழா எனக் கொண்டாடும்போது பழைய மாணவர்கள் வந்து கூடுகின்றனர். வாழ்வில் உயர்ந்த அவர்கள், தம்மை உயர்த்திய நிறுவனத்திற்கு ஏதேனும் செய்ய விழைகின்றனர். நுழைவாயில் வளைவாகவும், குடிநீர்த் தொட்டியாகவும், மின்விசிறியாகவும், மேசை நாற்காலியாகவும் அவ்விழைவு உருப்பெறுகின்றது. இவை யாவும் நல்லவையே. ஆயினும், நாற்காலி வாங்கித் தந்தவர் பலர் இருக்க, அந்நாற்காலியில் வந்து அமர இயலாமல் வீட்டோடு நின்றுவிட்ட பிள்ளையை நினைத்தவர் சிலரே.

அச்சிலருள் ஒருவரைப் பற்றி இங்கே கூற விரும்புகிறோம். ஏறத்தாழ 350 ஆண்டுகளுக்கு முன்னர், பழைய மாணவர் ஒருவர் தம் பல்கலைக் கழகத்து மாணவர்களுக்கென ஓர் உதவித்தொகையை எழுதி வைத்தார். அத்தொகையைப் பெற்றுப் படித்த ஓர் இளைஞரே பின்னாளில் பொருளியலின் தந்தை எனப் போற்றப்பட்டார். கொடையின் வரலாற்றில் இதற்கு ஒப்பானவை மிகச் சிலவே. அதைவிட முக்கியமாக, எவ்வாறு கொடுப்பது என்னும் பாடத்தையும் அவ்வரலாறு நமக்குக் கற்பிக்கின்றது.

கொல்லன் மகனின் உயில்

ஸ்காட்லாந்து நாட்டின் ஏர்ஷயர் பகுதியில் கால்மனல் என்னும் ஊர் உண்டு. அங்கே இரும்படிக்கும் கொல்லர் ஒருவருக்கு மகனாகத் தோன்றியவர் ஜான் ஸ்னெல். இளமையில் அவர் கிளாஸ்கோ பல்கலைக் கழகத்தில் பயின்றார். அப்பல்கலைக் கழகம் 1451ஆம் ஆண்டில் திருத்தந்தை ஐந்தாம் நிக்கோலாஸ் அவர்களின் ஆணை மடலால் நிறுவப்பட்டது என்பதை நம் வாசகர்கள் அறிந்துகொள்வது நலம். ஸ்னெல்லின் காலத்தில் ஸ்காட்லாந்து கத்தோலிக்கத் திருச்சபையினின்று பிரிந்து சென்றிருந்தது. எனினும் திருச்சபை நட்ட மரம் கனி கொடுத்துக்கொண்டுதான் இருந்தது.

அக்காலத்தில் மன்னருக்கும் பாராளுமன்றத்திற்கும் நடந்த உள்நாட்டுப் போரில் ஸ்னெல் மன்னர் பக்கம் நின்றார். 1651இல் உஸ்டர் என்னுமிடத்தில் மன்னர் படை தோற்றது. அதன்பின் இங்கிலாந்திலேயே தங்கிய அவர், ஆர்லாண்டோ பிரிட்ஜ்மன் என்னும் புகழ்பெற்ற வழக்கறிஞரிடம் ஊழியராகச் சேர்ந்தார். தலைவர் உயர உயரத் தாமும் உயர்ந்தார். உலைக்களத்தில் பிறந்தவர் நிலக்கிழாராக விளங்கினார். ஆயினும் தாம் படித்த இடத்தை அவர் மறந்தாரல்லர்.

1677ஆம் ஆண்டில் அவர் ஓர் உயில் எழுதினார். வாரிக்ஷயரில் தமக்கிருந்த நிலத்தின் வருவாயைக் கொண்டு, கிளாஸ்கோவில் பயிலும் மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, ஆக்ஸ்போர்டில் மேற்படிப்புப் படிக்க அனுப்ப வேண்டும் என்பது அதன் சாரம். 1679இல் அவர் மறைந்தார். வழக்குகளும் தடைகளும் தீர்ந்து முதல் மாணவர்கள் ஆக்ஸ்போர்டுக்குச் சென்றது 1699இல்தான். கொடுத்தவர் கண்மூடி இருபது ஆண்டுகள் கழிந்த பின்னரே கொடை கண் திறந்தது.

அம்மாணவர்கள் சென்று சேர்ந்த பேலியல் கல்லூரிக்கும் ஒரு கதை உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஜான் டி பேலியல் என்னும் செல்வர் டர்ஹம் ஆயரோடு பிணங்கினார். அக்குற்றத்திற்குப் பரிகாரமாக, ஆக்ஸ்போர்டில் ஏழை மாணவர் சிலருக்கு உணவளித்துப் படிக்க வைக்கும் பொறுப்பை அவர் ஏற்றார். 1263ஆம் ஆண்டளவில் தொடங்கிய அப்பரிகாரம், அவர் இறந்தபின் அவருடைய மனைவியின் கொடையால் நிலைபெற்றுக் கல்லூரியாயிற்று. ஏழைப் பிள்ளையின் கல்விக்குக் கொடுப்பது தவச் செயலாகும் என்று நம் முன்னோர் எண்ணியதற்கு இஃது ஒரு சான்று.

கைம்பெண்ணின் மகன்

1723ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் கிர்க்கால்டி என்னும் கடற்கரை ஊரில் ஒரு குழந்தை பிறந்தது. அது பிறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்பே தந்தை இறந்துபோனார். கைம்பெண்ணான தாய் மார்கரெட் அக்குழந்தையை வளர்த்தெடுத்தார். அவர்தாம் ஆடம் ஸ்மித். 'ஸ்மித்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்குக் கொல்லன் என்பதே பொருள். கொல்லன் மகன் விட்டுச் சென்ற பணம், கொல்லன் என்னும் குடிப்பெயர் தாங்கிய கைம்பெண் மகனுக்குக் கிடைத்ததை நாம் தற்செயல் எனலாம்; விசுவாசக் கண்ணுடையோர் வேறு பெயரும் இடலாம்.

பதினான்கு வயதில் கிளாஸ்கோவில் சேர்ந்த ஸ்மித், 1740இல் ஸ்னெல் உதவித்தொகை பெற்றுக் குதிரைமீதேறி ஆக்ஸ்போர்டுக்குச் சென்றார். ஆண்டுக்கு 40 பவுண்டு அவருக்குக் கிடைத்தது. ஆக்ஸ்போர்டின் கட்டணங்கள் அளவுக்கு மீறியவை என்று சென்ற சில வாரங்களிலேயே அவர் தம் பாதுகாவலருக்குக் கடிதம் எழுதியதாக அறிகிறோம். உதவித்தொகையோடு வெளியூர் சென்ற மாணவர் எழுதும் முதற் கடிதம் எக்காலத்தும் இதுதான் போலும்!

ஆக்ஸ்போர்டில் ஆசிரியர்கள் அவருக்குக் கற்பித்தது குறைவு. அங்கிருந்த பேராசிரியர்களுள் பெரும்பாலோர் கற்பிப்பதுபோல் நடிப்பதையும் விட்டுவிட்டனர் என்று பின்னாளில் தம் நூலிலேயே அவர் குறை கூறினார். ஆயின் நூலகம் இருந்தது. ஆறு ஆண்டுகள் இருந்தன. உணவுக்குக் கவலை இல்லை. அறிவுள்ள இளைஞனுக்கு உதவித்தொகை வாங்கித் தரும் மிகப் பெரிய பொருள் காலமே. அக்காலத்தைக்கொண்டு ஸ்மித் கிரேக்கமும் இலத்தீனும் ஐரோப்பிய மொழி இலக்கியங்களும் கற்றுத் தேர்ந்து 1746இல் ஊர் திரும்பினார். 1751இல் கிளாஸ்கோவில் பேராசிரியரானார். 1776இல், நாடுகளின் செல்வத்தைப் பற்றிய அவரது பெருநூல் வெளிவந்தது.

கொடுத்தவர் விருப்பமும் பெற்றவர் வாழ்வும்

இனி, நாம் ஆழ்ந்து எண்ண வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஸ்னெல் தம் உயிலில் ஒரு நிபந்தனை விதித்திருந்தார். தம் பணத்தில் படிப்போர் ஆங்கிலிக்கன் சபையின் திருப்பணியாளராகி ஸ்காட்லாந்து திரும்ப வேண்டும் என்பதே அது. அதற்காக மாணவர்களிடம் பிணைமுறி பெறவும் அவர் ஏற்பாடு செய்தார். ஆனால் 1690இல் ஸ்காட்லாந்தின் சபை அமைப்பே மாறிவிட்டது. திரும்பி வந்து பணிபுரிய அத்திருப்பணியாளர்களுக்கு அங்கே இடமில்லாது போயிற்று. நிபந்தனை ஏட்டில் இருந்தது; நாட்டில் அதற்கு வழியில்லை.

ஆடம் ஸ்மித் திருப்பணியாளராகவில்லை. கொடுத்தவர் கேட்டது கிடைக்கவில்லை. கொடுத்தவர் கனவிலும் காணாதது கிடைத்தது. உழைப்பாளியின் கூலி, வணிகரின் சூழ்ச்சி, வரியின் நீதி ஆகியவற்றை முறையாக ஆராயும் ஒரு துறை உலகிற்குக் கிடைத்தது. அவருடைய கருத்துகள் அனைத்தையும் நாம் ஏற்க வேண்டுவதில்லை. சந்தையே எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று அவர் பெயரால் பேசுவோர் பலரைத் திருச்சபை தன் சமூகப் போதனையால் திருத்தி வந்துள்ளது. எனினும், தொழிலாளர் பெரும்பாலோர் வறுமையில் உழலும் சமுதாயம் செழிப்புற்ற சமுதாயமாகாது என்று கூறியவரும் அவரே என்பதை மறத்தலாகாது.

உதவித்தொகைகளைப் பற்றியும் ஸ்மித் தம் நூலில் எழுதியிருக்கிறார். அறக்கொடையால் படிக்கும் மாணவரைக் குறிப்பிட்ட ஒரு கல்லூரியோடு கட்டிப்போடுவது நன்றன்று. விரும்பிய கல்லூரியைத் தேர்ந்துகொள்ளும் உரிமை அவர்களுக்கு இருந்தால் கல்லூரிகளும் ஒன்றையொன்று பார்த்துத் திருந்தும் என்பது அவர் கருத்து. கட்டுண்ட உதவித்தொகையை அனுபவித்தவர் கூறியது இது. அதே நூலில், கூலித் தொழிலாளியும் கொடுக்கத்தக்க சிறு கட்டணத்தில் பிள்ளைகள் கற்கும்படி ஒவ்வொரு பங்கிலும் ஒரு சிறு பள்ளி வேண்டும் என்றும் அவர் வாதிட்டார். பங்குதோறும் பள்ளி கண்ட நம் மறைபரப்பாளர்கள் இதைக் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பர்.

அவ்வாறாயின், நிபந்தனையை நிறைவேற்றாத ஸ்மித் நன்றி மறந்தவரா? இல்லை. 1764இல் கல்வியாண்டின் இடையில் அவர் பேராசிரியப் பதவியை விட்டு விலக நேர்ந்தபோது, மாணவர் செலுத்திய கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தார். மாணவர்கள் வாங்க மறுக்கவே, அவர்களுடைய சட்டைப் பையில் வலிந்து திணித்தார் என்பர். 1787இல் கிளாஸ்கோ பல்கலைக் கழகம் அவரைத் தன் மதிப்புறு தலைவராகத் தேர்ந்தபோது அவர் எழுதிய மடல் உருக்கமானது. தமக்குக் கல்வி புகட்டியதும் தம்மை ஆக்ஸ்போர்டுக்கு அனுப்பியதும் அப்பல்கலைக் கழகமே என்றும், அதற்குத் தாம் பட்ட கடனினும் பெரிய கடனை ஒருவர் ஒரு நிறுவனத்திற்குப் படுதல் இயலாது என்றும் அதில் உரைத்தார். அவர் இறந்தபின், அவருடைய வருவாயை நோக்க எஞ்சிய சொத்து குறைவாக இருந்தது கண்டு நண்பர்கள் வியந்தனர். வெளியே தெரியாமல் அவர் பெருந்தொகைகளை அறத்திற்கு ஈந்து வந்ததே காரணம் என்று அவருடைய வரலாற்றை முதலில் எழுதியவர் குறிப்பிடுகிறார். வலக்கை செய்வதை இடக்கை அறியலாகாது என்ற ஆண்டவரின் அறிவுரை இங்கே நம் நினைவுக்கு வருகின்றது.

ஆண்டவர் பத்துத் தொழுநோயாளர்களைக் குணமாக்கினார். நன்றி கூறத் திரும்பி வந்தவர் ஒருவரே. மற்ற ஒன்பதின்மர் எங்கே என்று அவர் கேட்டார். ஆயினும் அவர்களுக்கு அளித்த உடல்நலத்தை அவர் பறித்துக்கொள்ளவில்லை. நன்றியை எதிர்பார்க்கலாம், நன்றியைப் பிணைமுறியாக எழுதி வாங்கலாகாது. இதுவே நாம் இக்கட்டுரையில் வலியுறுத்த விரும்பும் உண்மை.

சுவரில் தொங்கிய ஏழை

ஸ்மித்துக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர் வாழ்ந்தவர் ஆல்பிரட் மார்ஷல். இவருக்கும் ஆக்ஸ்போர்டில் படிக்க ஓர் உதவித்தொகை கிடைக்கவிருந்தது. அதுவும் கட்டுண்டதே: பண்டை மொழிகளைக் கற்க வேண்டும், பின்னர்த் திருப்பணியாளராக வேண்டும். தந்தையின் விருப்பமும் அதுவே. இளைஞரோ கணிதத்தில் மனம் பறிகொடுத்தவர். அவர் அவ்வுதவித்தொகையை வேண்டாமென விடுத்தார். அவருடைய தந்தைக்கோ வேறு வழியில் படிக்க வைக்கும் வசதி இல்லை.

அந்நிலையில் சிற்றப்பா ஒருவர் கடன் கொடுத்தார். கேம்பிரிட்ஜின் புனித யோவான் கல்லூரி ஆண்டுக்கு 40 பவுண்டு உதவித்தொகை வழங்கியது. இவ்விரண்டும் சேர்ந்து 1861இல் அவரைக் கேம்பிரிட்ஜில் சேர்த்தன. 1865இல் கணிதத் தேர்வில் பல்கலைக் கழகத்திலேயே இரண்டாமவராகத் தேறினார். பாடம் கற்பித்துப் பொருள் ஈட்டிச் சிற்றப்பாவின் கடனை விரைவில் அடைத்தார்.

கணிதம் கற்றவர் பொருளியலுக்கு வந்தது எங்ஙனம்? விடுமுறை நாள்களில் அவர் நகரங்களின் மிக ஏழ்மையான தெருக்களில் நடந்து, அங்கே வாழ்வோரின் முகங்களைப் பார்த்து வந்தார். ஒரு நாள் கடையொன்றில், வாழ்வில் நொடிந்துபோன ஒரு மனிதனின் முகம் தீட்டிய சிறு ஓவியத்தைக் கண்டார். சில ஷில்லிங் கொடுத்து அதை வாங்கித் தம் கல்லூரி அறையில் கணப்படுப்புக்கு மேலே மாட்டினார். அதற்குத் தம் 'பாதுகாவல் புனிதர்' என்று பெயரிட்டார்! அத்தகைய மனிதரை விண்ணகத்திற்குத் தகுதியுடையோராக்குவது எவ்வாறு என்று ஆராய்வதே தம் பணி என உறுதி கொண்டார். கத்தோலிக்கர் அல்லாத ஒருவர் இவ்வாறு செய்தார் என்பது, புனிதர்களின் படங்களைச் சுவரில் மாட்டியிருக்கும் நம்மைச் சற்றே நாணச் செய்கின்றது. அப்படங்களுக்கு நடுவில் ஏழையின் முகத்திற்கு நாம் எங்கே இடம் வைத்திருக்கிறோம்?

1885இல் தாம் பயின்ற அதே பல்கலைக் கழகத்தில் மார்ஷல் பேராசிரியரானார். பொருளியலைத் தனிப் பாடமாக ஆக்குவதற்கு அவர் பல்லாண்டுகள் போராடினார். 1903இல் வெற்றி கண்டார். பாடம் கிடைத்தது; கற்பிக்கப் போதிய ஆள்களை நியமிக்கப் பல்கலைக் கழகத்தில் பணமில்லை. மார்ஷல் தம் சொந்தப் பணத்திலிருந்து இளம் விரிவுரையாளருக்கு ஆண்டுக்கு 100 பவுண்டு வழங்கி வந்தார். அவ்வாறு ஊதியம் பெற்றவருள் ஒருவர் ஆர்தர் பிகூ. 1908இல் மார்ஷலுக்குப் பின் பேராசிரியரான பிகூவும் அவ்வழக்கத்தைக் கைவிடவில்லை. அவர் தம் பையிலிருந்து ஆண்டுக்கு 100 பவுண்டு கொடுத்து அமர்த்திய இளைஞர் ஜான் மேனார்ட் கெயின்ஸ். வேலையின்மை ஏன் தோன்றுகிறது, அரசு அதை எவ்வாறு போக்கலாம் என்று உலகிற்கு விளக்கியவர் அவரே. பெற்றவர் கொடுத்தவருக்குத் திருப்பித் தரவில்லை, அடுத்தவருக்குக் கொடுத்தார். ஆறு பின்னோக்கிப் பாய்வதில்லை. முன்னோக்கிப் பாய்ந்தே வயல்களை நனைக்கின்றது.

அறுநூறும் நூற்றறுபதும்

அந்த ஆற்றின் நீர் நம் நாட்டுக்கும் வந்தது. 1932இல், இன்று பாகிஸ்தானில் உள்ள கா என்னும் சிற்றூரில் பிறந்தவர் மன்மோகன் சிங். ஊரில் மின்சாரம் கிடையாது. இளமையிலேயே தாயை இழந்து பாட்டியிடம் வளர்ந்தார். 1947இல் நாடு பிரிந்தபோது அவர் குடும்பம் அகதிகளாக இந்தியா வந்து சேர்ந்தது. உதவித்தொகைகளின் துணையாலேயே அவர் பொருளியல் கற்று, 1955இல் மார்ஷல் பயின்ற அதே புனித யோவான் கல்லூரிக்குச் சென்றார்.

அக்காலத்தில் கேம்பிரிட்ஜில் ஓராண்டு படிப்பதற்கும் வாழ்வதற்கும் ஏறத்தாழ 600 பவுண்டு தேவை. பஞ்சாப் பல்கலைக் கழகம் அளித்த உதவித்தொகையோ ஏறத்தாழ 160 பவுண்டு. எஞ்சியதற்குத் தந்தையையே நம்ப வேண்டியிருந்தது. வீட்டிலிருந்து பணம் வரத் தாமதமான நாள்களில் உணவைத் தவிர்த்தோ, ஆறு பென்ஸ் விலையுள்ள சாக்லேட்டைத் தின்றோ அவர் பசியாறினார் என்று அவருடைய மகள் 2014இல் வெளியிட்ட நூலில் எழுதியுள்ளார். 1956இல் அவர் பெற்ற பல்கலைக் கழகப் பரிசின் பெயர் 'ஆடம் ஸ்மித் பரிசு'. பின்னாளில் அவர் நிதியமைச்சராகவும், 2004 முதல் 2014 வரை தலைமையமைச்சராகவும் இருந்தார். 2024 டிசம்பரில் மறைந்தார். அவர் கொள்கைகளை ஏற்போரும் மறுப்போரும் உண்டு. நாம் இங்கே சுட்ட விரும்புவது ஒன்றே: உதவித்தொகை பெற்ற அம்மாணவர் கூடப் பட்டினி கிடந்தார். கட்டணத்தைக் கணக்கிட்டோர் வயிற்றைக் கணக்கிடவில்லை. நம் பிள்ளைகளுக்கு உதவுவோரும் இதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

பொருளியல் எதற்கு?

"மருத்துவம் படிக்கும் பிள்ளைக்குக் கொடுக்கலாம், பொறியியல் படிக்கும் பிள்ளைக்குக் கொடுக்கலாம்; பொருளியல் படித்து என்ன பயன்?" என்று கேட்போர் உளர். பொருளியலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் 'ஒய்க்கொனோமியா' என்னும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்தது. 'இல்லத்தை நெறிப்படுத்துதல்' என்பது அதன் பொருள். இறைவன் மனுக்குலத்தை மீட்கும் திட்டத்தைக் குறிக்கவும் திருச்சபைத் தந்தையர் இதே சொல்லை வழங்கினர். வள்ளுவப் பெருந்தகையும் பொருட்பாலுக்கென எழுபது அதிகாரங்களை ஒதுக்கினார். வீட்டின் அரிசிப் பானையிலிருந்து நாட்டின் கருவூலம் வரை, யாருக்கு எவ்வளவு, ஏன் என்று கேட்கும் கல்வி அது.

நம் பங்கில் நிகழ்ந்த ஒன்றைச் சொன்னால் இது தெளிவாகும். உப்பளத்தில் உப்பு வாரும் ஒரு தாயின் மகள் மேனிலைத் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றாள். கொடையாளர் ஒருவர் அவள் படிப்புச் செலவை ஏற்க முன்வந்தார். செவிலியர் படிப்போ பொறியியலோ படிக்க வேண்டும், விழா மேடையில் தம் கையால் காசோலை பெறுவதைப் படமெடுக்க வேண்டும் என்பன அவர் கூறியவை. அப்பெண் பணிவோடு மறுத்துவிட்டாள். "சாமி, வீடு தேடி வந்த பணத்தை வேண்டாம் என்கிறாளே, நீங்கள்தாம் இவளுக்குப் புத்தி சொல்ல வேண்டும்" என்று தாய் நம்மிடம் வந்து கண்ணீர் விட்டார்.

மகளைக் கேட்டோம். "சாமி, அம்மா வெயிலில் நின்று உப்பு வாருகிறார்கள். அந்த உப்புக்கு விலை வைப்பவர் வேறெங்கோ நிழலில் இருக்கிறார். அந்த விலை எப்படி வருகிறது என்று நான் படிக்க வேண்டும்" என்றாள். அதற்குமேல் நாம் என்ன புத்தி சொல்வது? ஆறாம் திருத்தந்தை பவுல் 1967இல் மக்களின் முன்னேற்றம் குறித்து எழுதிய சுற்றுமடலில், கல்விப் பசியும் உணவுப் பசியைப் போன்றே கொடிது என்று கற்பித்தார். இப்பெண்ணின் பசியோ தன் தாயின் பசிக்குக் காரணம் தேடும் பசி.

பங்குப் பள்ளியின் பழைய மாணவர் எழுவர் இதனைக் கேள்வியுற்றனர். தலைமையாசிரியர் வழியாகக் கட்டணத்தைச் செலுத்தினர். கொடுத்தவர் இன்னார் என்பதை அப்பெண் இதுவரை அறியாள். அவள் பொருளியல் படித்து வருகிறாள். பேருந்துச் செலவுக்கும் விடுதி உணவுக்கும் இன்றளவும் தாயின் உழைப்பே துணை. அடகு வைத்த தோடு இன்னும் மீளவில்லை. ஆதலால் செய்ய வேண்டியது முடிந்துவிட்டதென நாம் எண்ணலாகாது.

நாம் செய்யத்தக்கவை

நம் பழைய பள்ளிகள் பலவற்றில் முன்னோர் ஏற்படுத்திய பரிசு நிதிகள் உள்ளன. அந்நாளில் ஒரு மாணவனுக்கு ஓராண்டுப் புத்தகங்கள் வாங்கிக் கொடுத்த வட்டி, இந்நாளில் ஓர் எவர்சில்வர் டம்ளர் வாங்கவே போதுமானதாக உள்ளது. கொடையாளரின் மனம் குறையவில்லை. பணத்தின் மதிப்புக் குறைந்தது. விலைவாசி ஆண்டுதோறும் 5 விழுக்காடு ஏறுவதாகக் கொண்டால், பதினான்கு ஆண்டுகளில் பணத்தின் வாங்கும் ஆற்றல் ஏறத்தாழப் பாதியாகும். ஸ்னெல் ஒரு குறிப்பிட்ட தொகையை விட்டுச் செல்லாமல் நிலத்தை விட்டுச் சென்றார். விலை ஏறியபோது குத்தகையும் ஏறியது. அவருடைய உதவித்தொகை மூன்று நூற்றாண்டுகள் கடந்து இன்றும் வழங்கப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எல்லாரிடமும் நிலம் இராது. ஒரே ஆண்டில் படித்து வெளியேறிய பழைய மாணவர் 50 பேர் ஆளுக்கு 10,000 ரூபாய் சேர்த்தால் 5,00,000 ரூபாய் ஆகும். 6 விழுக்காடு வட்டி எனக் கொண்டால் ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரும். அதில் 20,000 ரூபாயை மாணவர்க்கு வழங்கி, 10,000 ரூபாயை முதலோடு சேர்த்துவர வேண்டும். அடுத்தடுத்த ஆண்டினரும் தம் பங்கைச் சேர்த்துவந்தால் நிதி தேயாமல் வளரும். தனியொருவர் தூக்க முடியாத சப்பரத்தைப் பலர் தோள் கொடுத்துத் தூக்கவில்லையா?

பணத்தினும் முக்கியமானது கொடுக்கும் முறை. பிள்ளை என்ன படிப்பது என்பதைப் பிள்ளையே தேர்ந்துகொள்ளட்டும். கொடையாளர் பொருளியலுக்கென நிதி ஏற்படுத்தலாம். அது அவர் உரிமை, நற்செயலும் கூட. ஆனால், அத்துறையை விரும்பி வரும் பிள்ளையைத் தேடிக் கொடுக்க வேண்டுமேயன்றி, பணத்தைக் காட்டி ஒரு பிள்ளையை அத்துறைக்குள் தள்ளலாகாது. தேர்ந்தெடுக்கும் பொறுப்பைத் தலைமையாசிரியர், ஆசிரியர், பங்குப் பேரவையினர் அடங்கிய சிறு குழுவிடம் விட்டுவிடுவது நன்று. மேடையும் மாலையும் படமும் வேண்டா. பெற்றோரின் வறுமையை ஊரறியச் செய்து அளிக்கும் பணம், ஒரு கையால் உணவூட்டி மறு கையால் அறைவதற்கு ஒப்பாகும். கட்டணத்தோடு நின்றுவிடாமல் பேருந்துக்கும் உணவுக்கும் நூலுக்கும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

உதவி பெறும் இளைஞருக்கும் ஒரு சொல். உங்களிடம் எவரும் பிணைமுறி எழுதி வாங்கவில்லை. ஆதலால் உங்கள் கடன் சிறிதென எண்ணற்க. எழுதி வாங்கிய கடனைப் பணத்தால் அடைத்துவிடலாம். எழுதாத கடனை வாழ்வால் மட்டுமே அடைக்க இயலும். உங்களுக்குக் கொடுத்தவரைத் தேடிச் செல்ல வேண்டா; உங்களுக்குப் பின்னால் வரும் பிள்ளையைத் தேடிச் செல்லுங்கள்.

குருமடத்தில் சில ஆண்டுகள் பயின்று, தம் அழைத்தல் வேறென உணர்ந்து வெளிவந்தோர் பலரை நாம் அறிவோம். நல்ல ஆசிரியராக, நல்ல அலுவலராக, நல்ல தந்தையராக அவர்கள் நம் பங்குகளில் ஒளிர்கின்றனர். அவர்களுக்கு ஊட்டிய கல்வி வீணாயிற்று என்று எந்த அறிவுள்ள ஆயரும் கூறார். விதைப்பவர் விதைக்கிறார், விளைவிப்பவர் இறைவன். எந்தப் பயிர் விளைய வேண்டும் என்று நாம் விதையின்மேல் எழுதி வைக்க முடியாது.

ஆகவே, அன்புக் குடும்பத்தினரே, அடுத்த முறை நம் பள்ளியின் பழைய மாணவர் கூடும்போது, நுழைவாயில் வளைவைப் பற்றிப் பேசுமுன், அவ்வளைவுக்குள் நுழைய வழியின்றி நிற்கும் பிள்ளை யார் என்று கேளுங்கள். அப்பிள்ளைக்குக் கொடுங்கள், கொடுத்தபின் கையை விரித்துவிடுங்கள். தாலந்துகளைப் பகிர்ந்தளித்த தலைவரும் ஒவ்வொருவனிடமும் ஒப்படைத்துவிட்டு நெடும்பயணம் மேற்கொண்டார் அன்றோ? அருகில் நின்று கையைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை.